சுவாமி சகஜானந்தரும் நம் பள்ளிப் படிக்கட்டும்

ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவு காண்பது எளிய செய்தியன்று. கட்டடம் எழுப்புவோர் பலர். அதன் கதவை நாள்தோறும் திறந்து வைத்திருப்போர் சிலரே. நம் கழகம் வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், பழைய தென்னார்க்காட்டு மண்ணில், இன்றினும் பன்மடங்கு கடினமான நாள்களில், ஒரு கல்விக் கழகத்தை நிறுவி நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்து வளர்த்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக நினைவுகூர்வது நம் கடன் எனக் கருதினோம். அவர்தாம் சிதம்பரம் நந்தனார் கல்விக் கழகத்தின் நிறுவனர், சுவாமி சகஜானந்தர்.

சிதம்பரத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும் அறிய வேண்டுவது ஏன் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை சிதம்பரமும் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அதனினும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. சகஜானந்தர் இளம் பருவத்தில் கல்வி பயின்ற ஊர் நம் திண்டிவனமே.

சகஜானந்தர் 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெயர் அண்ணாமலை, அன்னையார் அலமேலு. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் முனுசாமி. அவர் பிறந்த காலத்தில் சேரிக் குழந்தைக்குப் பள்ளி என்பது தொலைவில் தெரியும் ஒரு பொருளாகவே இருந்தது. பள்ளிகள் பல அக்கிரகாரங்களிலும் ஊர்த் தெருக்களிலும் கோயிலை ஒட்டிய இடங்களிலும் நடைபெற்றன. பள்ளி திறந்திருந்தாலும் அப்பள்ளிக்குச் செல்லும் தெரு நமக்கு மூடியிருந்தது. இந்நிலையில் 1893ஆம் ஆண்டு சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை ஒன்றைப் பிறப்பித்துச் சில சலுகைகளை வழங்கிற்று. கிறித்தவத் திருச்சபையினர் சேரிகளில் பள்ளிகள் நடத்தி வந்தனர். கர்னல் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். முனுசாமி என்னும் சிறுவர் எழுத்தறிந்தது இத்தகைய விடியற்காலத்திலேயாம்.

ஊரில் தொடக்கக் கல்வி பெற்ற அவரை, மேற்படிப்புக்கெனத் திண்டிவனத்திலிருந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் சேர்த்தனர். படிப்பில் அவர் சிறந்து விளங்கினார். ஆசிரியர்கள் அவரைப் பெரிதும் விரும்பினர். எனினும் மதம் மாறுமாறு அவர் கேட்கப்பட்டதாகவும், அதற்கு இசையாமல் பள்ளியை விட்டு நீங்கியதாகவும் அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இதனைக் கொண்டு எந்தச் சமயத்தையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. அத்திருச்சபைப் பள்ளிகள் இல்லாதிருந்தால் நம் பாட்டன்மாருள் பலர் கையெழுத்திடவும் கற்றிருக்க மாட்டார்கள். நாம் கருத வேண்டுவது வேறொன்று. ஏழைச் சிறுவன் ஒருவனின் படிப்பு, ஒரே ஒரு கதவை மட்டும் நம்பி நிற்குமானால், அக்கதவு எக்காரணத்தால் மூடினும் அவன் தெருவில் நிற்க நேரும். சகஜானந்தர் இதனைத் தம் வாழ்விலேயே கண்டார்.

பள்ளியை விட்ட அவர், பிழைப்பு நாடிச் சென்ற குடும்பத்தாருடன் கோலார் தங்க வயலை அடைந்தார். அந்நாளில் வடார்க்காட்டிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்குச் சென்று சுரங்கத்தில் இறங்கினர். பள்ளியில் முன்வரிசையில் இருந்த மாணவர் அங்கே கூலித் தொழிலாளி ஆனார். பள்ளிப் படிப்பை முறையாக முடித்துச் சான்றிதழ் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் கற்கும் வேட்கை தணியவில்லை. சமய நூல்களிலும் தத்துவத்திலும் நாட்டம் மிகுந்து, சென்னை வியாசர்பாடியில் இருந்த கரபாத்திர சுவாமிகளை அடைந்து அவருக்கு மாணவரானார். தமிழும் வடமொழியும் வேதாந்தமும் அங்குப் பயின்றார். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயர் பெற்றதும் அம்மடத்திலேயாம்.

1910ஆம் ஆண்டு அவர் சிதம்பரம் வந்து சேர்ந்தார். நந்தனார் வரலாற்றோடு பிணைந்தது ஓமக்குளம். அதன் அருகே அமைந்த மடமே அவருக்கு உறைவிடமாயிற்று. துறவி ஒருவர் அத்தகைய இடத்தில் அமர்ந்தால் வழிபாடு நடத்துவார், விரிவுரை ஆற்றுவார், அன்பர் கூட்டம் சேர்ப்பார் என்றே எவரும் எண்ணுவர். சகஜானந்தரும் சிறந்த சொற்பொழிவாளரே. ஆயினும் சுற்றுவட்டாரச் சேரிகளைக் கண்ட அவருக்கு, தம் மக்களுக்கு முதற்கண் வேண்டுவது பள்ளிக்கூடமே என்பது தெளிவாயிற்று. 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, இருபத்தைந்து குழந்தைகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பள்ளியை முடிக்க வாய்ப்புப் பெறாதவரே பள்ளியைக் கட்டினார் என்பதை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

அவர் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்துப் பள்ளி அமைப்பு எவ்வாறு இருந்தது என்பதைச் சற்றே அறிதல் நலம். 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின் வழியே மாநிலந்தோறும் கல்வித் துறையும், தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கும் முறையும் ஏற்பட்டன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேசன் தேர்வே நெடுங்காலம் உயர்கல்விக்கு வாயிலாக இருந்தது. பள்ளியில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதையும் அத்தேர்வே முடிவு செய்தது எனலாம். 1911ஆம் ஆண்டையொட்டி எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் மாணவன் பெற்ற மதிப்பெண்களும் பொதுத் தேர்வின் மதிப்பெண்களும் ஒரே புத்தகத்தில் பதியப்பெற்றன. கல்லூரியில் சேரத் தகுதி பெற்றோர் யார் என்பது தனியே அறிவிக்கப்பட்டது. நம் பாட்டனார் காலத்தோர் அதனை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்று சொல்லிவந்தது இதனாலேயாம்.

படிக்கட்டு மேலே ஏறும் முறையும் அன்று வேறாக இருந்தது. சிற்றூரில் ஐந்தாம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளி. அதற்கு மேல் இரு வழிகள். ஒன்று, எட்டாம் வகுப்பு வரை சென்று இ.எஸ்.எல்.சி. தேர்வு எழுதி, ஆசிரியப் பயிற்சிக்கோ சிறு வேலைக்கோ போகும் வழி. மற்றொன்று, முதல் பாரம் தொடங்கி ஆறாம் பாரம் வரை உயர்நிலைப் பள்ளியில் பயின்று எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் வழி. முதல் வழி சிற்றூரோடு முடிந்தது. இரண்டாம் வழி நகரத்தில் இருந்தது. பாரம் என்னும் சொல் பலருக்குப் பெயரளவிலன்றி மெய்யாகவே பாரமாக அமைந்தது. சம்பளம் கட்டுதல் வேண்டும், நகரில் தங்குதல் வேண்டும், உண்ணுதல் வேண்டும், நம் பிள்ளைக்கு வீடு கொடுப்போர் நகரத்தில் இல்லை. இவ்வாறு படிக்கட்டு முழுமையாக இருந்தும், படிக்கும் படிக்கும் இடையே இருந்த இடைவெளி நம்மவர்க்கு மட்டும் பெரிதாயிருந்தது.

சகஜானந்தரின் திறன் இவ்விடைவெளியைக் கண்டுகொண்டதிலேயே விளங்குகிறது. அவர் வகுப்பறையை மட்டும் கட்டி நிறுத்தவில்லை. பள்ளியோடு விடுதியை இணைத்தார். சேரிகளுக்கு நேரில் சென்று பிள்ளைகளை அழைத்து வந்தார். ஊர் ஊராகச் சென்று நெல்லும் பொருளும் திரட்டி அவர்களுக்குச் சோறிட்டார். தொடக்கப் பள்ளியாக அமைந்தது மேலும் மேலும் வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாயிற்று. பெண் குழந்தைகளின் கல்விக்கும் அவர் வழி செய்தார். ஒரு பள்ளி ஒவ்வொரு நிலைக்கு உயரும்போதும் கல்வித் துறையின் அங்கீகாரம் வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். கட்டடமும் இடமும் வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் தருதல் வேண்டும். உதவித்தொகை பெறுவதற்கும் கணக்குகள் செம்மையாக இருத்தல் வேண்டும். நிறுவனப் பணியில் ஈடுபட்டோர் இதன் சுமையை அறிவர். காவியுடுத்த துறவி ஒருவர் வருகைப் பதிவேட்டையும் வரவு செலவுக் கணக்கையும் தம் தவத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டார் என்றால் அது மிகையாகாது.

1926ஆம் ஆண்டு முதல் அவர் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக விளங்கினார். பின்னர்ச் சட்டமன்றத்திலும் இடம் பெற்றார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 1957ஆம் ஆண்டுத் தேர்தலிலும் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து காங்கிரசுக் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி, குடியிருப்பு, நிலம் ஆகியவற்றைப் பற்றி அவையில் இடைவிடாது பேசினார். அண்ணல் காந்தியடிகளும் அவருடைய கல்வி நிலையத்துக்கு வருகை தந்தார். ஆயினும் பதவியாலும் பெரியோர் நட்பாலும் அவர் தம் பள்ளியை விட்டு விலகவில்லை. அவைக் கூட்டம் முடிந்தால் அவர் திரும்பி வந்த இடம் ஓமக்குளத்து மாணவர் நடுவேதான். 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் மறைந்தார். அவர் நட்ட விதை இன்று ஆண்களுக்கும் பெண்களுக்குமான நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாக, அரசின் பொறுப்பில், சிதம்பரத்தில் ஓங்கி நிற்கிறது.

அவர் வாழ்நாளின் இறுதிக்குள்ளும் அதற்குப் பின்னும் நாட்டின் கல்வி அமைப்பு பெரிதும் மாறிற்று. 1944இல் இந்திய அரசு பட்டியல் இனத்தவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகையைத் தொடங்கிற்று. அதன் பின்னணியில் டாக்டர் அம்பேத்கரின் முயற்சி இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவு, நலிந்த பிரிவினரின் கல்வி நலனைச் சிறப்பாகக் காக்கும் கடமையை அரசின் மீது வைத்தது. பெருந்தலைவர் காமராசர் காலத்தில் மதிய உணவும் இலவசக் கல்வியும் சிற்றூர்களை அடைந்தன. துறவி தம் மடத்தில் இட்ட சோற்றை அரசு தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது எனக் கூறுதல் பொருந்தும்.

இன்றைய அமைப்பைப் பெற்றோர் பலர் முழுமையாக அறியார். ஆதலின் சுருக்கிக் கூறுவோம். கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டு 42ஆம் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. கோத்தாரி ஆணையம் 1966இல் அளித்த அறிக்கையும் 1968ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் நாடெங்கும் பத்தும் இரண்டும் மூன்றும் என்னும் ஒரே படிமுறையை வகுத்தன. நம் மாநிலத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. அதுவரை பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும், கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் இருந்தன. புகுமுக வகுப்பு நகரக் கல்லூரிகளில் மட்டும் இருந்தது. மேல்நிலை வகுப்போ பேரூர்களின் அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. இம்மாற்றத்தால் பெரிதும் பயன் பெற்றோர் நம் பெண் பிள்ளைகளே.

நாட்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்று உண்டு. மாநிலந்தோறும் தனித்தனி வாரியங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1975 முதல் அரசுத் தேர்வுகள் துறை தனி இயக்ககமாக இயங்கிப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை நடத்துகிறது. மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தமை மாறி, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமச்சீர்க் கல்வி வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி வழங்கும் நடுவணரசின் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

தேர்வு என்பது வினாத்தாள் கொடுக்கும் மூன்று மணி நேரம் மட்டும் அன்று. அதற்குப் பல திங்கள் முன்னரே பள்ளியில் மாணவர் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. பெயரின் எழுத்து, பிறந்த நாள், தந்தை பெயர், இனம், பயிற்று மொழி, புகைப்படம் ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் ஏறுகின்றன. அங்கே ஏற்பட்ட பிழை சான்றிதழிலும் வரும். பின்னர் அதனைத் திருத்த அலுவலகங்களுக்கு அலைய நேரும். தேர்வு மையத்துக்கு முதன்மைக் கண்காணிப்பாளரும் துறை அலுவலரும் அறைக் கண்காணிப்பாளர்களும் வெவ்வேறு பள்ளிகளிலிருந்து அமர்த்தப்படுவர். வினாத்தாள் கட்டுகள் காவலுடன் வைக்கப்பெற்று, குறித்த நேரத்தில் பிரிக்கப்படும். விடைத்தாளில் மாணவன் யார் என்பது திருத்துவோருக்குத் தெரியாதவாறு மறைக்கப்படும். எந்த ஊர், எந்தச் சேரி என்று தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்து மதிப்பிடும் ஏற்பாடு அது. நூற்றாண்டுக்கு முன் தெருவில் நடக்கவும் தடுக்கப்பட்ட இனத்துக்கு, பெயர் மறைந்த அவ்விடைத்தாளின் அருமை பிறரைவிட நன்கு விளங்கும். தவறியோர்க்கு அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு உண்டு, மறுகூட்டல் உண்டு, பள்ளிக்கு வராதோர் எட்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம்.

அமைப்பு இவ்வளவு செம்மையாக இருக்க, நம் பிள்ளைகள் இன்னும் எங்கே தவறுகின்றனர்? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர். மாநிலத்திலோ ஏறத்தாழ 80 பேர். மாவட்ட மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 29 பேர் பட்டியல் இனத்தவர். தலைமையாசிரியப் பணியில் நாம் கண்ட வரை, பாடம் புரியாமல் தேர்வில் தவறும் பிள்ளைகள் ஒரு பகுதியினரே. தேர்வு மண்டபத்துக்கே வந்து சேராத பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

பொங்கல் முடிந்ததும் நம் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் புறப்படுவதை நாம் அறிவோம். முன்பணம் வாங்கியாகிவிட்டது, போகாமல் இருத்தல் இயலாது. வீட்டில் பாட்டியும் இல்லையேல் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேர்வோ அதன் பின்னர்தான் வருகிறது. பெயர்ப் பட்டியலில் பெயர் இருக்கும். புகைப்படத்தோடு அச்சிட்ட விடைத்தாள் முகப்பும் வந்து சேரும். மேசையில் தேர்வு எண் ஒட்டப்பட்டிருக்கும். இருக்கை மட்டும் காலியாக இருக்கும். அறைக் கண்காணிப்பாளர் வராதவர் எனக் குறித்துவிட்டு அடுத்த மேசைக்குச் செல்வார். அரசின் ஏற்பாடு அனைத்தும் அம்மேசை வரை வந்து நிற்கிறது. மேசைக்கும் சூளைக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடத்திவிடும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

சகஜானந்தர் வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டுவது இவ்விடத்திலேதான். கோலாருக்குச் சென்ற சிறுவர் முனுசாமியும் இன்று சூளைக்குச் செல்லும் நம் பிள்ளையும் ஒருவரே. அன்று அவருக்குத் தங்க ஓர் இடமும் உண்ண ஒரு வேளைச் சோறும் எந்த நிபந்தனையுமின்றிக் கிடைத்திருந்தால், திண்டிவனத்திலேயே அவர் பள்ளியை முடித்திருப்பார். தமக்குக் கிடைக்காததைப் பிறர்க்கு ஆக்கித் தருவதையே அவர் தம் துறவாகக் கொண்டார். அவர் அறிவுரை கூறி அனுப்பியிருந்தால் இருபத்தைந்து குழந்தைகளும் மறுநாளே வயலுக்குத் திரும்பியிருப்பர். அவர் பாயும் தட்டும் கொடுத்தமையால் அவர்கள் தங்கினர்.

அரசு ஆதி திராவிடர் நல விடுதிகள் பல ஊர்களில் உள்ளன. அவற்றில் ஆண்டின் தொடக்கத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்திடுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். இடையில் விடுபட்டோர்க்காக நம் கழகம் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. தை மாதம் முதல் தேர்வின் கடைசி நாள் வரை, பெற்றோர் வெளியூர் சென்ற பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை நம் கட்டடத்தில் தங்கவைத்து உணவளித்தல் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கழகத்து மகளிர் தம் இல்லங்களில் இடம் தரலாம். செலவு பெரிதன்று; ஒரு வீட்டுக்கு ஒரு மரக்கால் அரிசியும், மாலையில் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித்தரப் படித்த இளைஞர் சிலரும் இருப்பின் போதும். மார்கழியிலேயே ஊர்தோறும் சென்று எந்தெந்தக் குடும்பங்கள் புறப்பட இருக்கின்றன என்று பட்டியல் எடுத்தல் வேண்டும். பள்ளியின் பெயர்ப் பட்டியலோடு இப்பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த மேசை காலியாகப் போகிறது என்பது தேர்வுக்கு முன்னரே தெரிந்துவிடும்.

நம் கழகம் நடத்திய மாலை வகுப்புகளில் பயின்றோர் இன்று ஆசிரியராகவும் செவிலியராகவும் அலுவலராகவும் விளங்குவதை இம்மலரின் பிற பக்கங்கள் கூறும். அவர்கள் மீண்டும் ஒருமுறை தம் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தல் வேண்டும். வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டு வைப்பது நன்று. வரும் தேர்வில் நம் பகுதிப் பிள்ளை ஒருவரும் வராதவர் எனக் குறிக்கப்படாமல் இருப்பது அதனினும் நன்று. அதுவே சகஜானந்தருக்கு நாம் செலுத்தும் வணக்கம்.

வாழ்க சுவாமி சகஜானந்தர் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!